அப்பாவின் தவிலும் 23 வருஷத் துருவும்

 

போன ஞாயிற்றுக்கிழமை நம்ம கோயில் பூசையில தவில் வாசிச்சதைப் பார்த்துட்டு நிறைய பேர் கேட்டாங்க, "புதுத் தவிலா? எங்க வாங்கினீங்க?" என்று. அது புதுசு இல்லை, பழசுதான்னு சொன்னதும் அடுத்த கேள்வி, "அப்புறம் எப்படி இவ்வளவு பளபளன்னு இருக்கு?" வீட்டுல பழைய சாமான் துரு பிடிச்சுக் கிடக்கு, எப்படி எடுக்கறதுன்னு வாட்சாப்ல கேட்டவங்களும் உண்டு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுத நேரம் இல்லை. அதனால இங்கேயே எழுதறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

துரு எடுக்கிற முறையை மட்டும் எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆனா அந்தத் துரு எப்படி வந்ததுன்னு சொல்லாம விட்டா, பாதி உண்மையை மறைச்ச மாதிரி ஆகிடும். கோயில் விஷயத்துல அப்படிச் செய்ய மனசு வரல.

கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி கோயில் ஸ்டோர் ரூமைக் காலி பண்ண கோத்தோங் ரோயோங் வெச்சோம், ஞாபகம் இருக்கும். உடைஞ்ச நாற்காலி, பழைய மின்விசிறி, அலங்கார விளக்குச் சட்டம் எல்லாம் வெளிய வந்துச்சு. இளைஞர் பிரிவுத் தம்பி ஒருத்தர் பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் மூட்டை ஒன்னைத் தூக்கிட்டு வந்து, "அங்கிள், உள்ள ஏதோ துருப்பிடிச்ச இரும்பு. பெசி புரோக் லோரியில போட்டுடவா?" என்று கேட்டார்.

நான் மூட்டையைப் பார்க்கல. அதைக் கட்டியிருந்த சிவப்பு ராபியா கயிற்றைப் பார்த்தேன். மூணு சுத்து சுத்தி, நடுவுல ஒரு குறுக்குக் கட்டு. தொழிற்சாலையில பெட்டி கட்ட நான் பழகின முடிச்சு. என் கைக்கட்டு எனக்குத் தெரியாதா?

"வேண்டாம் தம்பி, அது என்னோடது" என்றேன்.

உள்ள இருந்தது எங்க அப்பாவோட தவில்.

பழைய ஆட்களுக்குத் தெரியும், எங்க அப்பா தோட்டத்துல பால்மரம் வெட்டினவர். காலையில மரம் வெட்டு, சாயங்காலம் தோட்டத்து மாரியம்மன் கோயில்ல தவில். அந்தத் தவில் 1979-ல ஊர்ல இருந்து எம்.வி. சிதம்பரம் கப்பல்ல பினாங்குக்கு வந்தது. பலா மரத்துல குடைஞ்ச கட்டை. அப்ப எல்லாம் தோல் வார்தான். வாரை இழுத்து சுருதி ஏத்தறதுக்கு ஒரு ஆளோட முழுப் பலமும் வேணும். மழைக்காலத்துல வார் ஊறித் தளர்ந்துடும். 1990-ல அப்பா ஊருக்குப் போனப்போ, இரும்பு வளையமும் 11 நீளப் போல்ட்டும் வாங்கிட்டு வந்தார். எல்லாம் குரோம் முலாம் பூசினது. அதுக்கப்புறம் ஒரு ஸ்பானர் இருந்தா போதும், சுருதி ஏத்திடலாம். முதல் நாள் அதைப் பூட்டிட்டு, வெயில்ல திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரிச்சார். அப்பா அப்படிச் சிரிச்சு நான் அதிகம் பார்த்ததில்லை.

எனக்கும் சொல்லிக் கொடுக்கப் பார்த்தார். பன்னிரண்டு வயசுல சில மாசம் பலகையில தட்டிப் பழகினேன். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் பசங்க கேலி பண்ணினாங்க. விட்டுட்டேன். அப்பா ஒரு வார்த்தை திட்டல. அதுதான் இன்னும் உறுத்துது.

நான் விட்ட இடத்துல பின் லயத்து அண்ணன் ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். என்னைவிட மூணு வயசு பெரியவர். அப்பா அவருக்கு எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்தார். வலது கை விரலுக்குக் கூடு எப்படிக் கட்டறது, பூவரசங் கழியை இடது கையில எவ்வளவு இறுக்கிப் பிடிக்கறது, எல்லாமே. ராத்திரி சாப்பிடும்போது, "அவன் கை நல்லா பேசுதுடா" என்பார். அம்மா என் தட்டைப் பார்ப்பாங்க. நான் பாதியில எழுந்து போயிடுவேன்.

2001-ல அப்பா தவறிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் அந்த அண்ணன் என்கிட்ட வந்தார். கையைக் கட்டிக்கிட்டு நின்னார். "தம்பி, அப்பா தவில் கோயில்லயே இருக்கட்டும். உங்க வீட்டுப் பொருள்தான். பூசைக்கு மட்டும் நான் எடுத்து வாசிக்கட்டுமா?"

நான் சொன்ன பதில் இது: "அது எங்க குடும்பத்துப் பொருள். யாரும் தொட வேண்டாம்."

அவர் ஒன்னும் சொல்லல. தலையை ஆட்டிட்டுப் போயிட்டார்.

அன்னிக்குச் சாயங்காலமே தவிலை ரெண்டு பிளாஸ்டிக் பையில போட்டு, காத்துப் போகாம இறுக்கிக் கட்டி, ஸ்டோர் ரூம் மூலையில வெச்சேன். பாதுகாப்புக்குன்னு அம்மாகிட்ட சொன்னேன். வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவும் எனக்கு மனசு இல்லை, அவர் கையில கொடுக்கவும் மனசு இல்லை. ஒரு துணி எடுத்துத் துடைக்கக்கூட இல்லை. அப்பாவோட வேர்வை, விபூதி, சந்தனம் எல்லாம் அப்படியே அதுல இருந்துச்சு.

இப்ப துரு விஷயத்துக்கு வரேன். நம்ம ஊர்க் காத்துல ஈரம் எப்பவும் இருக்கு. பிளாஸ்டிக்ல இறுக்கிக் கட்டினா ஈரம் உள்ள போகாதுன்னு நினைக்கிறோம். ஏற்கனவே உள்ள இருக்கிற ஈரம் வெளிய போக முடியாதுன்னு நினைக்கறதில்லை. கட்டையும் தோலும் ஈரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும். ராத்திரி குளிர்ல அது இரும்பு மேல வேர்த்து நிக்கும். வேர்வையில இருக்கிற உப்பு அதோட சேர்ந்தா கேட்கவே வேண்டாம். மூட்டையைப் பிரிச்சப்போ தோல் பூஞ்சை பிடிச்சுக் கிழிஞ்சிருந்தது. வளையமும் போல்ட்டும் செம்மண் பூசின மாதிரி இருந்துச்சு. கட்டை மட்டும் வெடிக்காம தப்பிச்சது, அம்மன் புண்ணியம்.

வீட்டுக்குக் கொண்டு போனேன். நான் தகடு அழுத்தற தொழிற்சாலையில 28 வருஷமா வேலை செய்யறவன், சூப்பர்வைசர். இரும்பும் துருவும் எனக்குப் புதுசா? அந்தத் திமிர்லதான் முதல் தப்பைப் பண்ணினேன். கும்பாபிஷேகத்துக்குள்ள முடிச்சிடணும்னு அவசரம். கழிவறை கழுவற ஆசிட் ஒரு போத்தல் வாங்கி, ஒரு டப்பாவுல ஊத்தி, மூணு போல்ட்டைப் போட்டேன். நுரை பொங்குச்சு. இருபது நிமிஷத்துல துரு போச்சு. எனக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் காலையில பார்த்தா, மூணு போல்ட்டும் மஞ்சளும் சாம்பலும் கலந்த ஒரு மங்கின நிறம். குரோம் பளபளப்பு போன இடம் தெரியல. அங்கங்க புதுத் துரு வேற கிளம்பியிருந்துச்சு. அதோட போச்சா? டப்பாவுக்கு மேல சுவர்ல மாட்டியிருந்த என் ஸ்பானர் எல்லாத்துலயும் துரு. ஆசிட் புகை பண்ணின வேலை. ஜன்னலைத் திறக்காம அதைச் சுவாசிச்ச என் தொண்டையும் ரெண்டு நாள் எரிஞ்சுது.

எங்க தொழிற்சாலை முலாம் பூசற பிரிவுல ஒரு சீன அங்கிள் இருக்கார். அடுத்த வருஷம் வேலை ஓய்வு. மலாய்லதான் பேசுவோம். போல்ட்டைக் காட்டினேன். கையில வாங்கிப் பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டார். "ஆசிட்டுக்குக் குரோம்தான் முதல் சாப்பாடு. துருவோட சேர்த்து நீ முலாமையும் கழுவிட்டே" என்றார்.

அப்புறம் உட்கார வெச்சு விளக்கினார். குரோம் துருப்பிடிக்காது. அதுக்கு அடியில இருக்கிற இரும்புதான் துருப்பிடிக்குது. இரும்பு மேல முதல்ல நிக்கல் பூசுவாங்க, 10, 20 மைக்ரோன் கனம். அதுக்கு மேலதான் குரோம், அரை மைக்ரோனுக்கும் குறைவு. நம்ம தலைமுடி 70 மைக்ரோன் கிட்ட இருக்கும், பார்த்துக்குங்க. அந்தக் குரோம்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் வெடிப்பும் இருக்கும். ஈரம் அது வழியா இறங்கி, நிக்கலையும் தாண்டி இரும்பைத் தொட்டா, துரு கீழ இருந்து மேல வந்து பரவும். அதனால மேல பழுப்பா தெரியற இடம் எல்லாம் முலாம் போன இடம் இல்லை. நிறைய இடத்துல துரு மேல படிஞ்சுதான் இருக்கும், அடியில குரோம் நல்லா இருக்கும். அதைக் காப்பாத்தலாம். முலாம் உரிஞ்சு போன இடத்தைத் தேய்ச்சுத் திரும்பக் கொண்டு வர முடியாது.

மீதி எட்டுப் போல்ட்டுக்கும் வளையத்துக்கும் அவர் சொன்னபடி செஞ்சேன். கேட்டவங்களுக்காக வரிசையா எழுதறேன்.

ஒன்னு. கழட்டறதுக்கு முன்னாடி கைப்பேசியில படம் எடுத்துக்குங்க. ஒரே போல்ட்டை முழுசாத் தளர்த்தாதீங்க. எதிர் எதிரா கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தணும், இல்லாட்டி வளையம் கோணிடும். எந்த நட்டு எந்தப் போல்ட்டுக்குன்னு நம்பர் ஒட்டி முட்டைத் தட்டுல வரிசையா வைங்க.

ரெண்டு. நட்டு இறுகியிருந்தா அடிக்காதீங்க, நெருப்பு காட்டாதீங்க, பக்கத்துல மரம் இருக்கு. துரு இளக்கற எண்ணெய் ரெண்டு சொட்டு மரையில விட்டு ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் அரைச் சுத்து திறந்து, கால் சுத்து மூடி, மறுபடி திறந்து, அப்படி ஆட்டி ஆட்டி எடுங்க. எனக்கு ஒரு நட்டு மட்டும் நாலு நாள் ஆச்சு.

மூணு. முதல்ல வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவற சோப்பு, பழைய பல் துலக்கி. விபூதி, எண்ணெய்ப் பிசுக்கு, கற்பூரக் கரி எல்லாம் போகணும். அழுக்கு போனாத்தான் துரு எது, கறை எதுன்னு தெரியும்.

நாலு. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணியில நனைச்சு, மெதுவா தேய்க்கணும். அலுமினியம் குரோமைவிட ரொம்ப மென்மை, அதனால கீறாது. சாம்பல் நிறத்துல ஒரு சேறு வரும், அதைத் துணியில துடைச்சிட்டுப் பாருங்க. பளிச்சுனு குரோம் எட்டிப் பார்க்கும். முதல் போல்ட்டுல அதைப் பார்த்தப்போ என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். உப்புத்தாள், பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார் ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

அஞ்சு. முலாம் இல்லாத துண்டுகளை, அதாவது முழுக்கத் துருப்பிடிச்ச வாசர் மாதிரி சாமானை, வெள்ளை வினிகர்ல ஒரு ராத்திரி ஊற வைக்கலாம். குரோம் நல்லா இருக்கிறதை அதுல போடாதீங்க. எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணியில அலசி, நல்ல தண்ணியில கழுவி, உடனே தலை காய வைக்கிற மெஷினால காய வைங்க. பத்து நிமிஷம் ஈரமா விட்டாலும் துரு திரும்ப வந்துடும். காய்ஞ்சதும் எண்ணெய் தடவணும்.

ஆறு. மரைக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகி அழுக்கைப் பிடிக்கும். தோல்லயோ கட்டையிலயோ எண்ணெய் படக்கூடாது. குரோம் மேல, உலோகப் பாலிஷ் கொஞ்சமா ஒரே தடவை, அப்புறம் கார் மெழுகு. அந்தச் சின்ன ஓட்டைகளை மெழுகு அடைச்சு ஈரத்தை நிறுத்தும். பாலிஷ் போட்டுப் போட்டுத் தேய்ச்சாலும் முலாம் தேஞ்சிடும், ஞாபகம் வைங்க.

ஏழு. வீட்டுலயே முலாம் பூசிப் பார்க்கலாம்னு யாரும் கிளம்பாதீங்க. குரோம் தொட்டியில இருக்கிறது புற்றுநோய் வரவழைக்கிற விஷம். மெஷின் வெச்சுத் தேய்ச்சுத் தூள் பறக்க விடறதும் ஆபத்து. அது அதுக்குன்னு இருக்கிறவங்க வேலை.

தினம் ஷிப்ட் முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம். மூணு வாரம் ஆச்சு. எட்டுப் போல்ட்டு பளபளன்னு வந்துச்சு. வளையத்துல சில இடத்துல சின்னச் சின்னக் குழி விழுந்திருந்தது. துரு போனாலும் குழி போகாது. நான் ஆசிட்ல போட்ட மூணும் மங்கலாவே இருந்துச்சு. மூணுக்கும் புது முலாம் பூசித் தரேன்னு அங்கிள் சொன்னார். முதல்ல சரின்னுதான் நினைச்சேன்.

ஏழாம் நம்பர் போல்ட்டுல ஒரு வாசர் மட்டும் வேற மாதிரி இருந்துச்சு. கடையில வாங்கினது இல்லை, கையால வெட்டினது. துருவைத் துடைச்சா அடியில பச்சை பெயிண்ட். எங்க அப்பா சைக்கிளோட செயின் கவர் அதே பச்சை. அந்தக் கவர்ல வட்டமா ஒரு துண்டு வெட்டியிருந்தது எனக்கு நல்லா ஞாபகம். அப்பா வெட்டினதுன்னு நினைச்சேன். அதை மட்டும் எண்ணெய் போட்டுத் துடைச்சு அப்படியே வெச்சேன்.

அடுத்த வேலை தோல் மாத்தறது. எனக்குத் தெரியாது. எங்களுக்குள்ள தெரிஞ்சவர் ஒரே ஒருத்தர்தான்.

அந்த அண்ணன் இத்தனை வருஷமும் இரவல் தவில்லயும், அப்புறம் சொந்தமா ஒன்னு வாங்கியும் மத்த கோயில்கள்ல வாசிச்சார். வழியில பார்த்தா தலையாட்டுவோம், அவ்வளவுதான். கட்டையைக் கார்ல வெச்சு, போல்ட்டு எல்லாம் முட்டைத் தட்டோட எடுத்துக்கிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசல்ல நின்னு என்ன பேசறதுன்னு தெரியல. அண்ணிதான் "வாங்க தம்பி, உள்ள வாங்க" என்று கூப்பிட்டாங்க.

"அண்ணே, அப்பா தவில். நான்தான் இப்படி ஆக்கினேன். நீங்க கேட்டப்போ கொடுத்திருக்கணும். மன்னிச்சிருங்க" என்றேன். வழியெல்லாம் யோசிச்சு வெச்சதுல இவ்வளவுதான் வாய்ல வந்துச்சு.

அவர் பதில் சொல்லல. முட்டைத் தட்டை மடியில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு போல்ட்டா எடுத்துப் பார்த்தார். ஏழாம் நம்பர் வந்ததும் நிறுத்தினார். சிரிச்சார். "இந்த வாசர் நான் வெட்டினது தம்பி. திருவிழாவுக்கு முதல் நாள் ராத்திரி பழசு உடைஞ்சிருச்சு. கடை இல்லை. உங்கப்பா சைக்கிள் கவர்ல வெட்டிப் போட்டேன். காலையில பார்த்துட்டு நல்லாத் திட்டினார். அப்புறம் அதை மாத்தவே விடல."

எங்க குடும்பத்துப் பொருள், யாரும் தொடக்கூடாதுன்னு சொன்னேனே, அதுல அவர் கைவேலை அப்பவே இருந்திருக்கு.

கொஞ்ச நேரம் கழிச்சு அவர் வலது கையை நீட்டிக் காட்டினார். சீனி வியாதி. ரெண்டு விரல்ல உணர்ச்சி சரியா இல்லை. "கூடு போட்டா எங்க படுதுன்னே தெரியல தம்பி. ரெண்டு வருஷமா கச்சேரிக்குப் போறதில்லை. பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்" என்றார். குரல்ல கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

போல்ட்டுத் துருவை மூணு வாரத்துல எடுத்துட்டேன். அந்த விரல் நல்லா இருந்த 20 வருஷத்தை எந்த மெழுகு போட்டுத் திரும்பக் கொண்டு வர்றது?

தோலை அவரே வரவழைச்சு அவர் கையாலயே மாத்தினார். மங்கின மூணு போல்ட்டுக்கும் முலாம் பூசித் தரேன்னு சொன்னேன். "இருக்கட்டும் தம்பி. பிடிக்குதில்ல, போதும்" என்றார். அதனால அந்த மூணும் அப்படியே இருக்கு. கிட்டப் போய்ப் பார்த்தீங்கன்னா தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வாசிச்சது அவர்கிட்ட படிக்கிற பிள்ளை, படிவம் ரெண்டு. அண்ணன் பக்கத்துல உட்கார்ந்து தாளம் போட்டார். தீபாராதனை நேரத்துல அவன் வேகமா வாசிச்சப்போ, நான் வெளிய செருப்பு வைக்கிற இடத்துல நின்னுக்கிட்டிருந்தேன். கூட்டத்துல நிக்க முடியல. பூசை முடிஞ்சு அண்ணன் வெளிய வந்து சொன்னார், "பையன் கை நல்லா பேசுது, இல்ல தம்பி?"

தவில் இப்ப கோயில் பொருள். கோயில்லயே இருக்கும். யார் படிக்கிறாங்களோ அவங்க எடுத்து வாசிக்கலாம்னு கமிட்டிகிட்ட எழுதிக் கொடுத்துட்டேன். பருத்தித் துணி உறை தைச்சாச்சு, பிளாஸ்டிக் கிடையாது. வாசிச்சு முடிச்சதும் காய்ஞ்ச துணியால துடைக்கணும், மாசம் ஒரு தடவை திறந்து காத்தாட வைக்கணும். அந்தப் பொறுப்பு என்னுது.

கடைசியா ரெண்டு விஷயம். நான் எழுதின முறை குரோம் முலாம் போட்ட இரும்புக்கு மட்டும்தான். சுவாமி சிலை, கவசம், பித்தளை, வெள்ளிச் சாமான் எதுலயும் இதைச் செய்யாதீங்க, குருக்களைக் கேட்காம கை வைக்காதீங்க. ரெண்டாவது, உங்க வீட்டுலயும் யாராவது விட்டுட்டுப் போன மிருதங்கமோ, உறுமியோ, ஆர்மோனியமோ மூட்டையில கிடந்தா, இந்த வாரம் பிரிச்சுப் பாருங்க. வாசிக்கத் தெரிஞ்ச யாராவது அதைக் கேட்டிருந்தா, அவங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க. அவங்க கை நல்லா இருக்கும்போதே பண்ணுங்க.

எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்குங்க. அம்மன் எல்லாருக்கும் துணை இருக்கட்டும்.